குறை விரலிலா, பேட்டரிக் கட்டையிலா?

டிஸ்கி: எனக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. மகளுக்கு வாங்கிக் கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் படித்த படிப்பு எலக்ட்ரிகல் எஞ்சினியரிங். அந்த வெட்கக்கேடு கொஞ்சம் தள்ளி வரும், பொறுமையாகப் படியுங்கள்.

கல்கத்தாவுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வருடத்தில் இரண்டு பொங்கல். தை 1 அன்று வீட்டில் குக்கரில் ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகை ஹாலில் எல்லோருமாகச் சேர்ந்து ஒன்று. இரண்டாவதில்தான் கோலப்போட்டி, குழந்தைகள் திருக்குறள் ஒப்பிப்பது, உறியடி, கடைசியில் இன்னிசை எல்லாம். 2025 ஜனவரி 19 அன்று நடந்த அந்த இன்னிசையில், காலேஜ் படிக்கும் என் மகள் பேஸ் கிடார் வாசித்தாள். நம் ஊர்ப் பாட்டை இங்கேயே வளர்ந்த ஒரு பெண் வாசிக்கப் போகிறாள் என்று வீட்டில் ஒரே அமர்க்களம். தங்கமணி பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் பாட்டில் சத்தம் கரகரத்தது. இரண்டாவது பாட்டில் பாதி சுரம் கேட்டது, பாதி கேட்கவில்லை. மூன்றாவது ராஜா பாட்டு. பேஸ் கிடார்தான் அதில் பாதி உயிர் என்று உங்களுக்கே தெரியும். பல்லவி முடிவதற்குள் பேஸ் சுத்தமாக நின்றுவிட்டது. பிள்ளை விரலை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள், ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. கீபோர்ட் வாசித்த பெரியவர் இடது கையால் சமாளித்து முடித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் வந்த கருத்துகள்:

"பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு தடிக் கம்பி தாங்குமா சார்? விரல்ல பலம் வேணும்."

"வீணைக்கு விட்டிருக்கலாம்."

"ப்ராக்டிஸ் பத்தல. எக்ஸாம் டைம் இல்லையா, பாவம்."

மைக் செட்டுக்காரர் தன் பங்குக்கு "பிக்கப் காலி" என்று தீர்ப்பு எழுதினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மட்டும், "இதுக்குத்தான் ஆழம் தெரியாம மேடை ஏறாதேன்னு சொன்னேன்" என்றேன். அவள் பதில் பேசவில்லை. கிடாரைப் பையில் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் செருகிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பத்து நாளில் எனக்கு மூன்று வைத்தியர்கள் கிடைத்தார்கள்.

முதல் வைத்தியர், லால்பஜாரில் ரவீந்திர சரணி ஓரமாக வரிசையாக இருக்கும் வாத்தியக் கடைகளில் ஒருவர். கிடாரைத் தட்டிப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, "உள்ளே ப்ரீஆம்ப் போயிடுச்சு, புதுசு போட 14,000 ரூபாய்" என்றார். பேட்டரி மூடியைத் திறக்கவே இல்லை. இரண்டாவது வைத்தியர், பெங்களூரில் இருக்கும் என் பழைய கிளாஸ்மேட். அவன் பையனும் வாசிக்கிறான். "9 வோல்ட்ல என்னடா சவுண்ட் வரும்? ரெண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட்டா மாத்து, சும்மா அதிரும்" என்றான். மூன்றாவது, மகளின் பேண்டிலேயே இருக்கும் ஒரு பையன். "அங்கிள், லித்தியம் பேட்டரி போட்டா டோன் கிளியரா இருக்கும்." விலை கேட்டேன். 1,200 ரூபாயாம், ஒரு பேட்டரி!

14,000 கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று சாந்தினி மார்க்கெட்டில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாதாவிடம் போனேன். (கல்கத்தாவில் தாதா என்றால் அண்ணன், பயப்படாதீர்கள்.) அவர் முதலில் செய்த காரியம், கிடாரின் முதுகில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரை வைத்தது. 5.9 வோல்ட். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "வயர் எப்பவும் கிடார்லயே சொருகி இருக்குமா?"

இருக்கும். ஏனென்றால் பிடுங்க வேண்டாம் என்று சொன்னது நான். "சும்மா சும்மா பிடுங்கிச் சொருகினா ஜாக் லூஸாயிடும், அப்படியே விடு" என்று புத்தாண்டு அன்று ராத்திரி நான் சொன்ன அறிவுரை. 18 நாளும் அவள் அதைத் தட்டாமல் கேட்டாள்.

பக்கத்துக் கடையில் ஒரு சாதா அல்கலைன் பேட்டரி வாங்கி மாட்டினார். அவருடைய குட்டி ஆம்ப்ளிஃபயரில் இழுத்துவிட்டுக் கீழ்க் கம்பியைத் தட்டினார். மேஜையில் இருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. கூலி கேட்டேன், டீக்கு 20 ரூபாய் போதும் என்றார்.

இப்போது அந்த வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் எஞ்சினியர் என்பதால் உங்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டிய கடமையும் இருக்கிறது.

பேஸ் கிடாரில் இரண்டு ஜாதி. ஒன்று பாஸிவ். கம்பி அதிர்கிறது, காந்தச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது, வயர் வழியாக வெளியே போகிறது. பேட்டரியே கிடையாது. 1951ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இந்த ஜாதி. இன்னொன்று ஆக்டிவ். கிடாருக்குள்ளேயே ஒரு சின்ன ப்ரீஆம்ப் இருக்கும். பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் கூட்டவும் குறைக்கவும் முடியும், நீளமான வயரிலும் சத்தம் மங்காது. அதே ஃபெண்டர் பிற்பாடு மியூசிக் மேன் கம்பெனியில் இருந்தபோது 1976ல் வந்த ஸ்டிங்ரே பேஸ்தான் இந்த ஜாதியைப் பரவலாக்கியது. இந்தக் குட்டி ப்ரீஆம்புக்குச் சோறு போடுவது ஒரு 9 வோல்ட் பேட்டரி. நம் மல்டிமீட்டரில், சில பழைய ரிமோட்டில் இருக்குமே, மேலே இரண்டு பொத்தான் வைத்த சதுரக் கட்டை, அதேதான். உள்ளே 1.5 வோல்ட் செல் 6 இருக்கும்.

இதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது என்பதுதான் சூட்சுமம். வயர் சொருகும் ஓட்டைதான் ஸ்விட்ச். அது மூன்று முனை கொண்ட ஸ்டீரியோ ஜாக். நாம் சொருகும் மோனோ பின் உள்ளே போனதும், பேட்டரியின் மைனஸ் முனை கிரவுண்டோடு சேர்ந்து சர்க்யூட் ஓட ஆரம்பித்துவிடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்தாலும், வீட்டு மெயினையே அணைத்தாலும் கிடாருக்குள் ஓட்டம் நிற்காது. வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

கணக்குப் போடுவோம். இந்த மாதிரி ப்ரீஆம்புகள் குடிப்பது ரொம்பக் குறைவு, சுமாராக 1 மில்லியாம்பியர் என்று வையுங்கள் (மாடலைப் பொறுத்துக் கூடும் குறையும்). சாதா ஜிங்க் கார்பன் 9 வோல்ட் கட்டையின் கொள்ளளவு சுமாராக 400 மில்லியாம்பியர் மணி. தினம் ஒரு மணி நேரம் வாசித்து வயரைப் பிடுங்கி வைத்தால் ஒரு வருடம் ஓடும். சொருகியே வைத்தால் ஒரு நாளைக்கு 24 மணி. ஜனவரி 1 ராத்திரியிலிருந்து 19 சாயங்காலம் வரை 18 நாள், ஆக 432 மணி. கிட்டத்தட்ட மூன்றாவது பாட்டின் பல்லவி வரை!

அதைவிட நெஞ்சில் குத்துவது இன்னொன்று. பேட்டரி இறங்க இறங்க, ப்ரீஆம்ப் தாங்கும் சிக்னலின் உயரம் குறைந்துகொண்டே வரும். மெதுவாக வாசித்தால் சரியாகவே கேட்கும். ஓங்கி இழுத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, துணி கிழிகிற மாதிரி கரகரக்கும். இதை அவள் பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்தே என்னிடம் சொன்னாள். "அப்பா, ஓங்கி அடிச்சா சவுண்ட் கிழியுதுப்பா." நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப ஓங்கி அடிக்காதே" என்றேன். அப்பா பேச்சைக் கேட்டு மேடையில் மெதுவாக வாசித்தாள். விரலில் பலம் இல்லை என்று ஊர் சொன்னது.

ஆகவே இந்தப் பதிவின் சண்டை பேட்டரியோடு இல்லை. பேட்டரியைச் சுற்றி வளர்ந்திருக்கும் மூடநம்பிக்கையோடும், அதை நம்பிப் பிள்ளைகளைக் குறை சொல்லும் நம்மோடும்தான். ஒவ்வொன்றாக உடைக்கிறேன்.

ஒன்று. "விலை கூடின பேட்டரி போட்டால் சத்தம் நன்றாக இருக்கும்." இருக்காது. 9 வோல்ட் என்பது 9 வோல்ட்தான். அது எந்தக் கம்பெனி என்று ப்ரீஆம்புக்குத் தெரியாது. மலிவுக் கட்டையின் உள் தடை அதிகம் என்று ஒரு வாதம் வைப்பார்கள். உண்மைதான். ஆனால் சில பத்து ஓம் தடையில் 1 மில்லியாம்பியர் ஓடினால் குறைவது சில பத்து மில்லிவோல்ட். அதைக் காதால் கேட்கிறவர் இருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம். அல்கலைன் போடுங்கள் என்று நானே சொல்வேன், ஆனால் டோனுக்காக இல்லை. 500 மில்லியாம்பியர் மணிக்கு மேல் தாக்குப் பிடிக்கும் என்பதற்காக. லித்தியம் இன்னும் அதிக நாள் வரும், அதற்குத்தான் அந்த விலை. ஆயுள் வேண்டுமா, கொடுங்கள். டோன் வேண்டுமா, அந்த 1,200 ரூபாயைப் புதுக் கம்பி செட்டுக்கு எடுத்து வையுங்கள். கல்கத்தாப் புழுக்கத்தில் கம்பி துருப்பிடிக்கிற வேகத்துக்கு, அங்கேதான் வித்தியாசம் கேட்கும்.

இப்போது யூ.எஸ்.பி.யில் சார்ஜ் போடுகிற 9 வோல்ட் பேட்டரி நிறைய வந்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லதே என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அவற்றில் பல, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லை ஒரு சின்ன சர்க்யூட் வைத்து 9 வோல்ட்டாக ஏற்றித் தருபவை. சிலவற்றில் அந்த சர்க்யூட்டின் கீச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் வரும். இன்னொன்று, சாதா பேட்டரி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து எச்சரிக்காது. கடைசி வரை 9 காட்டிவிட்டுப் பட்டென்று போய்விடும். வீட்டுப் பயிற்சிக்குச் சரி, மேடைக்கு நம்ப வேண்டாம்.

இரண்டு. "18 வோல்ட்டாக மாற்றினால் அதிரும்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. வோல்ட் இரட்டித்தால் ப்ரீஆம்ப் தாங்கும் உயரமும் இரட்டிக்கும், 6 டெசிபல் கூடுதல் இடம். கட்டை விரலால் கம்பியை அறைந்து ஸ்லாப் வாசிக்கிறவர்கள், பேஸ் குமிழை முழுக்கத் திருகி வைக்கிறவர்கள், 9 வோல்ட்டின் கூரையில் தலை இடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூரையை உயர்த்தினால் வீட்டில் இருக்கிறவன் உயரமாகிவிட மாட்டான். தலை இடிக்காதவனுக்கு 10 அடிக் கூரையும் 20 அடிக் கூரையும் ஒன்றுதான். சத்தம் கூடாது. மேலும் எல்லா ப்ரீஆம்பும் 18 வோல்ட்டைத் தாங்காது. உள்ளே 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதற்குச் சங்குதான். தயாரிப்பாளர் 18 வரை போகலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். பெங்களூர் நண்பனிடம் இதைச் சொன்னேன். "என் பையனுக்கு வித்தியாசம் தெரியுதே" என்றான். பழைய கட்டை எத்தனை வோல்ட்டில் இருந்தது என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். செத்த ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு போட்டால் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியாது!

மூன்று. "ஆக்டிவ்தான் உசத்தி, பாஸிவ் பழசு." விற்கிறவன் சொல்கிற வசனம் இது. மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது பேட்டரி இல்லாத பிரிசிஷன் பேஸ், அதுவும் கம்பி மாற்றாத பேஸ். ஜாகோ பாஸ்டோரியஸ் பெயர் வாங்கியது பேட்டரி இல்லாத ஜாஸ் பேஸில். ஆக்டிவ் ஒரு வசதி. வசதிக்குப் பராமரிப்பு உண்டு. அதை விற்கும்போது சொல்ல வேண்டும். எங்களுக்கு விற்ற கடையில் இரண்டு வருட வாரண்டி பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். வயரைப் பிடுங்கி வையுங்கள் என்ற மூன்று வார்த்தையைச் சொல்லவில்லை.

அப்படியானால் பேட்டரி மாற்றினால் சத்தம் நன்றாகுமா, ஆகாதா? நன்றாகும், பழையது இறங்கியிருந்தால். இறங்காத பேட்டரியை மாற்றினால் ஒரு மண்ணும் ஆகாது. நல்ல பேட்டரி யாரையும் நல்ல வாசிப்பாளர் ஆக்காது. செத்த பேட்டரி மட்டும் நல்ல வாசிப்பாளரைக் கெட்டவராகக் காட்டிவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆக்டிவ் பேஸ் வாசித்தால், இதைச் செய்யுங்கள். வாசித்து முடித்ததும் வயரை கிடாரிலிருந்து பிடுங்க வேண்டும், ஆம்ப்ளிஃபயரிலிருந்து அல்ல. ஜாக் தேய்ந்தால் மாற்றச் சில நூறு ரூபாய், அவ்வளவுதான். பேட்டரி மாற்றிய தேதியை ஒரு துண்டு பேப்பரில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். புது அல்கலைன் 9க்கு மேலே காட்டும், 8க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். கச்சேரி இருந்தால் முந்தின நாளே பார்த்து, கிடார் பையில் இன்னொன்று போட்டு வையுங்கள். மூன்று மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கட்டையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளேயே கசிந்தால் சர்க்யூட்டையே அரித்துவிடும், அப்புறம் அந்த 14,000 நிஜமாகவே ஆகும்.

நம் வீடுகளில் டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டிய தலைமுறை நாம். ஒரு பொருள் எரியவில்லை என்றால் முதலில் கட்டையைத்தான் பார்ப்போம். பல்ப் மேல் பழி போட மாட்டோம். அந்தப் பழக்கம், பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எங்கே போனது? ஊரை விட்டு வந்து, பெங்காலிப் பிள்ளைகள், மார்வாடிப் பிள்ளைகள் நடுவில் நம் பிள்ளை மேடை ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டு 30,000, 40,000 போட்டு வாத்தியம் வாங்கிக் கொடுக்கிறோம். சத்தம் வரவில்லை என்றால் 30 ரூபாய்க் கட்டையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பிள்ளையின் விரலைச் சந்தேகிக்கிறோம். அதுவும் பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தீர்ப்பு தயாராக இருக்கிறது. அன்றைக்கு பந்தியில் பேசியவர்களை மட்டும் சொல்லவில்லை. சர்க்கரைப் பொங்கலோடு தலையை ஆட்டியவனையும் சேர்த்துத்தான்.

சாந்தினியிலிருந்து வந்த அன்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1 மில்லியாம்பியர் கணக்கையும் சொன்னேன். வயரைப் பிடுங்காதே என்று சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப அன்னிக்கு நான் சரியாத்தான்பா வாசிச்சேன்?" என்று கேட்டாள். பத்து நாளாக அந்தப் பிள்ளை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

சரியாகத்தான் வாசித்தாய் என்றேன். பந்தியில் சொல்லியிருக்க வேண்டிய பதில், பத்து நாள் தாமதம். கிடார் இப்போது பீரோ இடுக்கிலிருந்து வெளியே வந்து ஹாலில் நிற்கிறது, வயர் இல்லாமல்.

உங்கள் வீட்டில் ஒன்று நின்றால், இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். வயர் சொருகி இருக்கிறதா?